பாசல் பேராலயத்தின் கல் கதை

சுவிட்சர்லாந்தின் பாசல் நகர்ப் பேராலயத்தில், 1100-ஆம் ஆண்டை ஒட்டிச் செதுக்கிய புடைப்புச் சிற்பப் பலகை ஒன்று இருக்கிறது. பளிங்கு அல்ல, மணற்கல்தான். ஸ்பெயினில் 304-ஆம் ஆண்டு வாக்கில் கொல்லப்பட்ட திருத்தொண்டர் புனித வின்சென்டின் வரலாற்றைக் காட்சி காட்சியாகச் சொல்லும் பலகை அது. வெட்டவெளியில் வீசப்பட்ட அவர் உடலை விலங்குகள் நெருங்காமல் அண்டங்காக்கை காத்ததாம். ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் எறிந்தும் உடல் கரைசேர்ந்ததாம். எழுத்தறியாதவருக்கும் புரிந்திருக்கும்! 1529-இல் மதச் சீர்திருத்தக் கொந்தளிப்பில் பாசல் ஆலயங்களின் திருவுருவங்கள் பலவற்றை உடைத்தார்கள், எரித்தார்கள். இந்தப் பலகை தப்பியது. அதே ஆலயத்தில் அப்போஸ்தலர் அறுவரைக் காட்டும் பலகையும் உண்டு. பாசல் பக்கம் போகும் நேயர்களே, இரண்டையும் பார்க்கத் தவறாதீர்கள்.