மார்கழியில் சாலை ஓட்டம்

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் பொழுதுபோக்காக ஓடுபவர்களுக்கு மார்கழியும் தையுமே உகந்த காலம். விடியலில் வெப்பநிலை 20 டிகிரி செல்சியசை ஒட்டி இறங்குகிறது; ஆண்டின் வேறெந்தப் பருவமும் இவ்வளவு இரக்கம் காட்டுவதில்லை.

ஆனால் இந்தக் குளிர்ச்சியை முழுக்க நம்பிவிடக் கூடாது. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையை ஒட்டி ஓடுபவருக்கு, கடற்காற்றின் ஈரப்பதத்தால் வியர்வை காயாமல் வழிந்துவிடுகிறது. உடல் சூடு உள்ளேயே தங்குகிறது. குளிர்கிறதே என்று தொடக்கத்தில் விரைபவர் பாதி வழியில் தளர்வது இதனால்தான். முதல் சில கிலோமீட்டரை நிதானமாகக் கடப்பதே சிறந்த உத்தி. தாகத்துக்கேற்ப நீர் போதும். மணிக்கணக்கில் ஓடுபவர் வெறும் தண்ணீரை அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இது பலரும் அறியாத, அவசியம் அறிய வேண்டிய செய்தி.

பனிமூட்டத்தில் வாகன ஓட்டிகளுக்கு எதிரே வருபவர் தெரிவதில்லை. வெளிர்நிற உடை அணிந்து, வாகனங்களை எதிர்நோக்கிச் சாலையோரமாக ஓடுவது பாதுகாப்பானது. சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனத்தின்போது தேர் வீதிகள் நிரம்பி வழியும். அந்நாட்களில் அண்ணாமலை நகர்ப் பக்கம் பயிற்சி செய்யலாம்.

வடகிழக்குப் பருவமழையும் கணக்கில் சேரும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் அருகேதான் கரையைக் கடந்தது. ஆகவே பயிற்சியை ஆவணியிலேயே தொடங்கினால், மழையில் சில வாரங்கள் போனாலும் தை மாதப் பந்தயத்துக்கு உடல் தயாராக இருக்கும். முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர், புதியவர்களுக்கு 10 கிலோமீட்டரே ஏற்றது.