கெந்திங் உச்சிப் பூக்கள்: அன்றும் இன்றும்

நாம் தாளிக்கும் கடுகின் குடும்பத்தில் ட்ராபா என்றொரு செடி உண்டு. இமயமலை போன்ற பனிமலைகளில், பாறை இடுக்குகளில் விரல் உயரத்துக்கு வளர்ந்து பூக்கும். நம் தித்திவங்சா மலைத்தொடரில் பனி பெய்வதில்லை, ட்ராபாவும் இல்லை. ஆனால் குளிரும் காற்றும் செடிகொடிகளைக் குறுக்கிவைத்த உச்சி ஒன்று, பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. அது குனோங் உலு காலி. கெந்திங் என்று நாம் சொல்லும் மலைதான்.

1960களின் தொடக்கத்தில் அந்த உச்சிக்குச் சாலை கிடையாது. கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல், மேகம் இறங்கி நனைக்கும் காடு அது. அடிவாரத்தில் மரங்கள் வானளாவ வளர, அங்கே உள்ள மரங்களோ குட்டையாகி, கிளை முறுகி, பாசி போர்த்தி நின்றன. அந்தப் பாசியில் ஆர்க்கிட்கள் வேரூன்றின. ரோடோடெண்ட்ரான்கள் பூத்தன. சத்தில்லாத புளிப்பு மண்ணில் குடுவைச் செடிகள் பூச்சிகளைப் பிடித்து வாழ்ந்தன. அவற்றில் ஒன்றான நெப்பந்தஸ் மக்ஃபர்லனி, தீபகற்ப மலேசியாவின் மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை.

1965 ஆகஸ்டில் தொழிலதிபர் லிம் கோ தோங்கின் ஆட்கள் கெந்திங் செம்பாவிலிருந்து சாலை வெட்டத் தொடங்கினர். நான்கு ஆண்டுகளில் சாலை உச்சியைத் தொட்டது. 1971இல் முதல் ஹோட்டல் திறந்தது. உச்சியில் வளரும் செடிகளைப் பற்றித் தாவரவியலாளர் பெஞ்சமின் ஸ்டோன் எழுதிய விரிவான ஆய்வு 1981இல் வெளிவந்தது. கட்டடங்கள் பெருகத் தொடங்கிய காலத்தில் கிடைத்த அந்தப் பதிவு விலைமதிப்பற்றது.

இன்று அங்கே ஒரே ஹோட்டலில் 7,000க்கும் மேற்பட்ட அறைகள். பள்ளி விடுமுறை வந்தால் கிள்ளானிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மலையேறுகிறோம். கேபிள் காரில் முதியவர்களும் சிரமமின்றி உச்சியைப் பார்க்கிறார்கள். அது நல்லதுதான். ஆனால் காட்டைப் பிளந்து சாலை போகும் இடமெல்லாம் வெயிலும் காற்றும் உள்ளே நுழைகின்றன. ஈரம் குறைந்து பாசி காய்கிறது. அதைப் பற்றி வாழும் ஆர்க்கிட்டும் வாடுகிறது. வெட்டிய சரிவு மழையில் சரிந்தால் செடிகளும் மண்ணோடு போகின்றன. பூமி சூடேறும்போது அடிவாரச் செடி சற்று மேலே ஏறிப் பிழைக்கலாம். உச்சிச் செடிக்கு ஏற மேலே இடமில்லை.

எஞ்சியிருக்கும் உச்சிக்காட்டில் இனி ஒரு சாலையும் வேண்டாம், ஒரு கட்டடமும் வேண்டாம். பகாங், சிலாங்கூர் மாநில அரசுகள் இதைச் சட்டமாக்க வேண்டும். அடுத்த முறை கெந்திங் போகும்போது, பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி அந்தச் சிறு பூக்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பறிக்க மட்டும் விடாதீர்கள்.