பழைய பிக்கப் வண்டிக்குப் பின்பக்க ஷொக் அப்சோபர் தெரிவு செய்தல்

தோட்டத்திற் பழுதின்றிப் பறித்த தக்காளியும் பப்பாசியும் சந்தையை அடையுமுன் நசுங்கிவிடுவதுண்டு. பெட்டியும் அடுக்கும் முறையும் இதற்குக் காரணமாகலாம். ஆயினும் அவற்றை ஏற்றிச் செல்லும் வண்டியின் பின்பக்கத்தையும் கமக்காரர் பார்த்தல் வேண்டும். ஷொக் அப்சோபர் ஒரே நாளிற் கெடுவதன்று. சிறிது சிறிதாகத் தளர்வதால் ஓட்டுபவர் அதற்குப் பழகிவிடுகிறார். கிளிநொச்சியிலிருந்து தம்புள்ளைக்குப் பாரத்துடன் செல்லும் வண்டியில் இக்குறை விளைபொருளை மட்டுமன்றி உயிரையும் பாதிக்கக் கூடியது.

வில்லும் ஷொக் அப்சோபரும்

பாரத்தைத் தாங்குவது வில்லே. ஷொக் அப்சோபர் அன்று. வில்லின் ஆட்டத்தை அடக்குவதே அதன் வேலை. அதனுள்ளிருக்கும் பிஸ்டன், சிறு துவாரங்களின் வழியே எண்ணெயைத் தள்ளிக்கொண்டு அசையும். அப்போது ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறி வெளியேறும்.

ஆதலால், பின்பக்கம் தாழ்ந்துபோன வண்டிக்குக் கடினமான ஷொக் அப்சோபர் பூட்டுவது பணத்தை வீணாக்குவதாகும். பாரம் ஏற்றிய வேளையிலும் வண்டி தாழ்ந்தே நிற்கும். வெறுமையாகத் திரும்பும்போதோ பின்சில்லுகள் துள்ளி, பிரேக் பிடிக்கும் வேளையிற் பிடிப்பை இழக்கும். சுருள்வில் சுற்றியவையும் காற்றடைப்பவையும் வண்டியை உயர்த்துவது உண்மையே. ஆனால் அவை பாரத்தின் ஒரு பகுதியை ஷொக் அப்சோபரின் தாங்கிகளில் ஏற்றுகின்றன. துருவேறிய பழைய செசியில் அத்தாங்கிகள் வெடித்து முறியலாம்.

தகடு முறிந்தோ வளைவு தளர்ந்தோ இருப்பின் முதலில் வில்லைத் திருத்துக. தகடொன்றைக் கூட்டுவதனால் உற்பத்தியாளர் குறித்த பார அளவு கூடிவிடாது. அச்சும் பிரேக்கும் ரயரும் முன்போலவே உள்ளன என்பதை மறத்தலாகாது.

பழுதை அறியும் வழிகள்

1. குழாயில் எண்ணெய் வழிந்து ஈரமாயிருத்தல். மெல்லிய படிவு மட்டும் காணப்படுவது பழுதன்று.
2. ரயரின் மேற்பரப்பு இடையிடையே குழிகுழியாகத் தேய்தல்.
3. குழியொன்றைக் கடந்த பின்னரும் வண்டி பலமுறை ஆடுதல்.
4. தண்டு வளைந்திருத்தல், குழாய் நெளிந்திருத்தல், இறப்பர் புஷ் வெடித்திருத்தல்.

அளவெடுத்தல்

வண்டியின் பெயரை மட்டும் கூறி வாங்குதல் போதாது. ஒரே பெயருடைய வண்டியிலும் ஆண்டுக்கு ஆண்டு அளவு மாறும். இருசில்லு இயக்கத்துக்கும் நாற்சில்லு இயக்கத்துக்கும் அளவு வேறுபடும். செசி இலக்கத்தைக் கொடுத்துக் கேட்பதே நன்று. வில் மாற்றப்பட்ட வண்டியாயின் நேரில் அளத்தல் வேண்டும்.

சமதரையில் வெற்று வண்டியை நிறுத்தி, மேல் வளையத்தின் நடுவிலிருந்து கீழ் வளையத்தின் நடுவரை அளக்குக. இது 17 அங்குலமெனக் கொள்வோம். அச்சுக்கும் அதன் மேலுள்ள இறப்பர்த் தடுப்புக்கும் இடைவெளி 3 அங்குலமாயின், தடுப்பைத் தொடும்போது நீளம் 14 அங்குலமாகும். இறப்பர் நசியும் அளவுக்கென ½ அங்குலம் கழித்தால், முற்றாகச் சுருங்கிய ஷொக் அப்சோபரின் நீளம் 13½ அங்குலத்துக்கு மேற்படலாகாது. மேற்படின், தடுப்புத் தாங்கவேண்டிய அடியை ஷொக் அப்சோபரே வாங்கி உடையும்.

பின்னர் செசியை உயர்த்தி, அச்சைத் தொங்கவிட்டு அளக்குக. அது 20 அங்குலமாயின், முற்றாக நீண்ட அளவு அதனிலும் சற்றுக் கூடுதலாயிருத்தல் வேண்டும். செசிக்கு உறுதியான முண்டு கொடாது, ஜாக்கை மட்டும் நம்பி எவரும் வண்டியின் கீழ்ச் செல்லலாகாது.

வகைகள்

இரட்டைக் குழாய் வகை விலை குறைந்தது; வெளிக்குழாய் சிறிது நெளிந்தாலும் பெரும்பாலும் இயங்கும். ஒற்றைக் குழாய் வகையில் எண்ணெயின் வெப்பம் விரைவில் வெளியேறும். நீண்ட கரடுமுரடான பாதைக்கு அது ஏற்றது. எனினும் கல்லடியால் குழாய் நெளிந்தால் பிஸ்டன் இறுகிவிடும். இரட்டைக் குழாய் வகையிலும் நைதரசன் வாயு அடைத்தவை உண்டு. அவ்வாயு எண்ணெய் நுரைத்துத் தளர்வதைக் குறைக்கும். கிராமப் பாதையில் அளவான பாரம் ஏற்றும் வண்டிக்கு வாயு அடைத்த இரட்டைக் குழாய் வகை பெரும்பாலும் போதுமானது.

பூட்டும்போது

பின்பக்கத்து இரண்டையும் ஒருங்கே மாற்றுக. டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் ஒன்று அச்சுக்கு முன்னும் மற்றது பின்னும் பூட்டப்பட்டிருக்கும். அச்சு முறுகித் துள்ளுவதைக் குறைக்கவே இவ்வமைப்பு. ஆகையால் இரு பக்கத்தையும் தனித்தனியே அளக்குக. இரட்டைக் குழாய் வகையை நிமிர்த்திப் பிடித்துச் சில தடவை நீட்டிச் சுருக்கிய பின் பூட்டுக. சில்லுகள் தரையில் நின்று வண்டியின் பாரம் ஏறிய பின்னரே புஷ் ஆணிகளை இறுதியாக இறுக்குதல் வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் இறப்பர் முறுகி விரைவில் வெடிக்கும்.

வில்லைப் பார்த்து, அளவை அறிந்து, அதன் பின்னரே கடைக்குச் செல்லும் கமக்காரர் ஒரே வேலைக்கு இருமுறை பணம் செலவிட நேராது.