ரக்பி லீக்: நல்ல விங்கர் ஆக வேகம் மட்டும் போதுமா? கபடி தெரிந்தவர்களுக்கு ஒரு ஈஸி விளக்கம்

2024 மார்ச். மெல்பர்ன் ஸ்டார்ம் அணிக்கும் நியூசிலாந்து வாரியர்ஸ் அணிக்கும் ஆட்டம். மேட்ச் முடியும் நேரம். மெல்பர்ன் பின்தங்கியிருக்கிறது. பந்து மைதானத்தின் ஓரத்துக்கு, சேவியர் கோட்ஸ் கைக்கு வருகிறது. முன்னால் இருப்பது ஒரு குறுகலான சந்து. ஒரு பக்கம் வெள்ளைக்கோடு, மறுபக்கம் ஓடி வரும் எதிரணி வீரர்.

கோட்ஸ் ஓடவில்லை. பாய்கிறார். 1.94 மீட்டர் உயர உடம்பு முழுவதும் கோட்டுக்கு வெளியே காற்றில் கிடக்கிறது. பந்து பிடித்த கை மட்டும் உள்ளே நீண்டு, மூலையில் பந்தைத் தரையில் அழுத்துகிறது. ட்ரை! மெல்பர்ன் ஜெயிக்கிறது. அந்த சில விநாடி வீடியோ, ரக்பி பார்க்காதவர்களின் போனுக்கும் வந்து சேர்ந்தது.

பார்த்த பலருக்கும் தோன்றியிருக்கும்: "விங்கர்னா செம வேகமா ஓடணும், கடைசியில பாயணும். அவ்ளோதானே?" இல்லை. இன்றைய ரக்பி லீக்கில் ஒரு விங்கரின் வேலையில் பாய்ச்சல் மிகச் சின்னப் பகுதி. மீதி வேலை ரீல்ஸில் வராது.

முதலில், ரக்பி லீக் என்றால் என்ன?

ரக்பியில் இரண்டு வகை உண்டு. உலகக் கோப்பை, ஆல் பிளாக்ஸ் என்று நாம் அதிகம் கேள்விப்படுவது ரக்பி யூனியன். அதில் 15 பேர். ரக்பி லீக்கில் 13 பேர். ஒலிம்பிக்ஸில் வரும் செவன்ஸ், யூனியனின் குட்டி வடிவம். 2025 ஜூனில் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக் இந்த செவன்ஸ்தான். அதன் ஃபைனலில் டெல்லி ரெட்ஸை 41-0 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது சென்னை புல்ஸ்.

லீக் பிரிந்த கதைக்குக் காரணம் சம்பளம். வடக்கு இங்கிலாந்தில் ஆலையிலும் சுரங்கத்திலும் வேலை பார்த்தவர்கள், மேட்ச் ஆடப் போனால் அன்றைய கூலியை இழந்தார்கள். அதை ஈடுகட்டப் பணம் தரக் கூடாது என்றது அன்றைய நிர்வாகம். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு ஹோட்டலில் கூடிய கிளப்புகள் தனியாகப் பிரிந்தன. சவானா மில் போராட்டக் கதை கேட்டு வளர்ந்த புதுச்சேரிக்கு இந்தச் சண்டை புரியும்.

புதுச்சேரிக்கும் இந்த ஆட்டத்துக்கும் என்ன தொடர்பு?

நேரடியாக இல்லை. ஆனால் பிரான்ஸ் வழியாக ஒரு சுவாரஸ்யமான முடிச்சு இருக்கிறது.

பிரான்ஸுக்கு ரக்பி லீக் வந்தது 1934-ல். சில ஆண்டுகளிலேயே தெற்கு பிரான்ஸில் பரவிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியிடம் பிரான்ஸ் வீழ்ந்த பிறகு ஆட்சிக்கு வந்த விஷி அரசு, 1941 டிசம்பரில் இந்த ஆட்டத்தையே தடை செய்து சொத்துகளையும் பறித்தது. போர் முடிந்தும் பல பத்தாண்டுகளுக்கு அங்கே 'ரக்பி' என்ற பெயரையே பயன்படுத்த முடியாமல், 'பதின்மூன்று பேர் ஆட்டம்' என்றுதான் அழைத்தார்கள். புதுச்சேரியோ 1940-லேயே விஷியை ஏற்காமல் தெ கோல் பக்கம் நின்ற பிரெஞ்சுப் பகுதி!

அப்படி ஒடுக்கப்பட்ட ஆட்டம் அங்கே சாகவில்லை. பெர்பிக்னான் நகரின் கேட்டலன்ஸ் டிராகன்ஸ் 2018-ல் இங்கிலாந்தின் சேலஞ்ச் கோப்பையை வென்றது. இங்கிலாந்துக்கு வெளியே இருந்து வந்த ஒரு அணி அதை வென்றது அதுவே முதல் முறை.

விங்கர் எங்கே நிற்பார்?

கால்பந்து பார்ப்பவர்களுக்கு விங்கர் புது வார்த்தை இல்லை. 2023 டூரண்ட் கோப்பை கொல்கத்தா டெர்பியில் ஈஸ்ட் பெங்காலுக்கு வெற்றி கோல் அடித்த சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் ஆடுவதும் அதே இடம்தான். ஆனால் ரக்பியில் ஒரு பெரிய வித்தியாசம்: கையால் பந்தை முன்னால் பாஸ் செய்யக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க முடியும். அதனால் பந்து நடுவிலிருந்து கைமாறிக் கைமாறி ஓரத்துக்கு வரும்போது, வரிசையின் கடைசி ஆள் விங்கர். ஜெர்சி எண் 2 அல்லது 5.

இன்னொரு விதி: பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள் மட்டுமே. ஒவ்வொரு முறை பிடிபட்டதும் எழுந்து, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னால் தள்ளி மீண்டும் தொடங்க வேண்டும். ஆறாவது முறையும் பிடிபட்டால் பந்து எதிரணிக்கு. அதனால் ஐந்தாவது டேக்கிள் முடிந்ததும் பெரும்பாலும் பந்தைத் தூரமாக உதைத்துவிடுவார்கள். கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் ட்ரை, 4 பாயிண்ட்.

இந்த ஆறு டேக்கிள் கணக்குதான் விங்கரின் வாழ்க்கையை மாற்றியது.

முன்பு எப்படி இருந்தார்கள்?

ஒரு காலத்தில் விங்கர் என்றால் ஓட்டப்பந்தய வீரர். ஆஸ்திரேலியாவின் கென் இர்வின் 1963-ல் 100 கஜத்தை 9.3 விநாடியில் ஓடியவர். 1958 முதல் 1973 வரை அவர் அடித்த 212 ட்ரை, அரை நூற்றாண்டு தாண்டியும் அசையாமல் நின்ற சாதனை. 200-ஐக் கடந்து அந்த எண்ணுக்கு உண்மையான சவால் விட்டவர் சவுத் சிட்னியின் அலெக்ஸ் ஜான்ஸ்டன்.

இங்கிலாந்தில் பில்லி பாஸ்டன். கார்டிஃப் துறைமுகப் பகுதியில் பிறந்த கறுப்பின வீரர். விகன் கிளப்புக்கு மட்டும் 478 ட்ரை. 2025-ல் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. ரக்பி லீக் வீரர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. அப்போது அவருக்கு வயது 90.

இவர்களை எல்லாம் அளந்தது ஒரே அளவுகோலால்: எத்தனை ட்ரை?

இப்போது என்ன மாறியது?

எதிரணி பந்தை உதைக்கும்போது அது வந்து விழுவது பெரும்பாலும் மைதானத்தின் கடைசி மூலையில். அதை எடுப்பவர் விங்கர் அல்லது ஃபுல்பேக். நடுவில் ஆடும் 110 கிலோ ஃபார்வர்டுகள் அப்போதுதான் டேக்கிள் செய்து களைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் நடந்து வருவார்கள். அவர்கள் வந்து சேரும்வரை யார் பந்தை எடுத்து முட்டுவது?

விங்கர்தான். முதல் டேக்கிள், இரண்டாவது டேக்கிள் என்று எதிரணிச் சுவர் முழுப் பலத்தோடு வரும் நேரத்தில், தன் கோல் பக்கத்திலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு நேராக அந்தச் சுவருக்குள் ஓடுவார். மூன்று பேர் மேலே விழுவார்கள். கிடைப்பது 8 மீட்டரோ 10 மீட்டரோ. ஸ்கோர்போர்டில் ஒன்றும் ஏறாது.

இதில் இன்று முன்மாதிரி பென்ரித் பாந்தர்ஸின் பிரையன் டோ. உயரம் ஆறடியைத் தொட்டும் தொடாமலும்தான். ஆனால் தொடையும் இடுப்பும் பாறை. பல ஆட்டங்களில் பந்தோடு 200 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கிறார். பென்ரித் 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு முறை சாம்பியன் ஆனதில் இந்த முட்டல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பெண்கள் ஆட்டத்தில் பிரிஸ்பேன் பிரான்கோஸின் ஜூலியா ராபின்சனும் இதே ரகம்.

பழைய விங்கர் தாக்குதலின் கடைசிப் புள்ளி. இன்றைய விங்கர் அதன் முதல் புள்ளியும்தான்.

சரி, நல்ல விங்கருக்கு என்னென்ன வேண்டும்?

1. விழுந்த வேகத்தில் எழுவது

ஒவ்வொரு டேக்கிளுக்குப் பிறகும் எதிரணி 10 மீட்டர் பின்வாங்கி நிற்க வேண்டும். விங்கர் சட்டென்று எழுந்து பந்தை உருட்டிவிட்டால், அவர்கள் ஒழுங்காக வரிசை கட்டுவதற்குள் அடுத்த ஆள் ஓடி வந்துவிடுவார். முதுகில் விழுந்து அமுங்கிவிட்டால் அந்த நேரம் போச்சு. அதனால் மோதும்போதே முன்புறமாக, முழங்கையும் முட்டியும் கீழே வருகிற மாதிரி விழப் பழகுகிறார்கள். ஒரு விநாடி வித்தியாசம்தான். அடுத்த ஐந்து டேக்கிளும் அதை நம்பித்தான் இருக்கிறது.

2. வானத்தில் வரும் பந்து

கோட்டுக்கு அருகே வந்ததும் மூலையை நோக்கிப் பந்தை உயரமாக உதைப்பது இப்போது எல்லா அணிகளின் ஆயுதம். மேலே பார்த்துக்கொண்டே பின்னால் ஓட வேண்டும். எதிரே 100 கிலோ ஆள் ஒருவர் அதே பந்துக்குக் குதிக்கிறார். கோட்ஸ், சிட்னி ரூஸ்டர்ஸின் டேனியல் டுபோ போன்ற நெட்டை விங்கர்களுக்கு மவுசு கூடியதற்கு இதுதான் காரணம்.

தப்பவிட்டால் ட்ரை. தோற்றால் டிவியில் பத்து முறை ஓடுவது அந்த ரீப்ளேதான்.

3. கார்னர் டிஃபெண்டரின் பொறுமை

இங்கேதான் கபடி உதவிக்கு வருகிறது. கபடியில் கார்னர் ஆடுபவர் ரைடரின் காலை நோக்கி அரை விநாடி முன்னதாகப் பாய்ந்தால் என்ன ஆகும்? 'அட்வான்ஸ் டேக்கிள்' என்று கமென்ட்ரியில் கத்துவார்கள். பாயிண்ட் போய்விடும். தாமதித்தால் ரைடர் தொட்டுவிட்டுப் போயே போய்விடுவார்.

ரக்பி லீக் விங்கருக்கும் அதே சிக்கல். எதிரே மூன்று பேர் வருகிறார்கள், தடுக்க இரண்டு பேர். உள்ளே போய்ப் பந்து வைத்திருப்பவரை அடிப்பதா? வெளியே நின்று தன் ஆளைப் பார்த்துக்கொள்வதா? உள்ளே போய்த் தவறினால் ஓரம் முழுக்கக் காலி. வெளியே நின்றால் நடுவில் ஓட்டை. இதோடு, எப்போது வேண்டுமானாலும் உதை வரலாம் என்பதால் பின்னால் போயும் நிற்க வேண்டும். மூன்று வேலை, ஒரே ஆள், ஒரு விநாடிக்கும் குறைவான நேரம்.

பக்கத்தில் ஆடும் சென்டரோடு பேச்சு சரியாக இருந்தால்தான் இது நடக்கும். "நான் உள்ளே, நீ வெளியே" என்ற ஒரு கத்தலில் ட்ரை நின்றுவிடும். எவ்வளவு வேகமான ஆளாக இருந்தாலும், இங்கே தவறிக்கொண்டே இருந்தால் பெஞ்சுதான்.

4. கடைசி அரை மீட்டர்

நான்கு பேர் இழுத்துப் பிடித்தும் நடுக்கோட்டை விரலால் தொட்டுவிடும் ரைடரைப் பார்த்து எழுந்து கத்தாதவர் உண்டா? விங்கரின் பாய்ச்சல் அதே கணம்தான். ஆனால் விதி இன்னும் கறார். விரல் நீட்டினால் போதாது, பந்தைத் தரையில் அழுத்த வேண்டும். அதற்கு முன் உடம்பின் எந்தப் பகுதியும் பக்கக்கோட்டையோ வெளியே உள்ள தரையையோ தொடக் கூடாது.

முன்பு மூலையில் நிற்கும் கொடிக்கம்பத்தில் உரசினாலும் அவுட். அந்த விதி நீக்கப்பட்ட பிறகுதான் இந்தச் சர்க்கஸ் பாய்ச்சல்கள் பெருகின. உடம்பு காற்றில் இருக்கும்வரை அது 'வெளியே' இல்லை என்பதைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். இதை ஜிம்னாஸ்டிக்ஸ் மாதிரியே தனியாகப் பயிற்சி எடுப்பவர்களும் உண்டு.

இதற்கு உடம்பு கொடுக்கும் விலை

முழு வேகத்தில் ஓடிப்போய் நிற்கும் சுவரில் மோதுவதும், காற்றில் இருக்கும்போது நிலைகுலைந்து விழுவதும் தலைக்கு ஆபத்து. பந்தைப் பிடிக்கக் காற்றில் எழும்பிய தடுப்பாளரை டேக்கிள் செய்யக் கூடாது என்று விதி இருக்கிறது. தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தால் வெளியே அழைத்துச் சோதனை. ஆஸ்திரேலிய என்ஆர்எல் தொடரில் மூளை அதிர்ச்சி உறுதியானால், 2023 முதல் குறைந்தது 11 நாள் கட்டாய ஓய்வு. ஒரு காலத்தில் "தண்ணி தெளிச்சு அனுப்பு" என்று முடிந்த விஷயம் அது.

விங்கரின் வேலை மாறியதன் இன்னொரு முகம் இது. ஓரத்தில் காத்திருந்து கடைசியில் ஓடியவர், இன்று ஃபார்வர்டு வாங்கும் அடியையும் வாங்குகிறார்.

ஒரு மேட்ச் பார்த்தால் எதைக் கவனிக்கலாம்?

சிட்னியில் பரமட்டா, டூங்காபி, வென்ட்வொர்த்வில் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் பரமட்டா ஈல்ஸ் அணி பற்றி எப்படியும் ஒரு நாள் பேச்சு வரும். செமி ரட்ரட்ரா, மைக்கா சிவோ என்று ஃபிஜியிலிருந்து வந்த விங்கர்களைக் கொண்டாடிய ஏரியா அது. அடுத்த முறை அப்படி ஒரு ஆட்டம் கண்ணில் பட்டால் மூன்று விஷயம் பாருங்கள்.

எதிரணி உதைத்ததும் கேமரா பந்தைத் தொடரும். விழுந்த இடத்தில் எடுத்து ஓடி வருவது யார் என்று பாருங்கள். மூன்று பேர் மேலே விழுந்த பிறகு அவர் எழ எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். தன் அணி தடுக்கும்போது, பந்து வரவே வராத ஓரத்தில் அவர் இரண்டு அடி உள்ளே, மூன்று அடி பின்னே என்று நகர்ந்துகொண்டே இருப்பதைப் பாருங்கள்.

கடைசியில் அவர் மூலையில் பாய்ந்து ட்ரை அடிக்கலாம், அடிக்காமலும் போகலாம். மேட்ச் முடிந்ததும் கோச் அந்த விங்கரின் வீடியோவைப் போட்டுப் பார்க்கும்போது, முதலில் தேடுவது அந்தப் பாய்ச்சலை இல்லை. தன் கோட்டுப் பக்கத்தில், யாரும் கைதட்டாத நேரத்தில் அவர் எடுத்த அந்த 10 மீட்டரை.