கைவிடப்பட்ட படகுகளை அறிவித்தல் (ஐக்கிய இராச்சியம்)

ஐக்கிய இராச்சியத்தில், கடலிலோ கரையிலோ கைவிடப்பட்ட படகொன்றைக் கண்டெடுத்துத் தம் வசம் கொள்பவர் அதனை அரசுக்கு அறிவிப்பது சட்டப்படியான கடமை ஆகும். இக்கடமையை 1995 ஆம் ஆண்டின் வணிகக் கப்பற் சட்டம் விதிக்கின்றது. அறிவிப்பைப் பெறும் அரசு அலுவலர் உடைகலப் பெறுநர் ஆவார். இப்பதவி கடல்சார் மற்றும் கடலோரக் காவல் முகமையைச் சார்ந்தது.

உரிமை

மீட்கும் நம்பிக்கையின்றிக் கடலில் விட்டு நீங்கப்பட்ட கலம், உடைந்த கப்பலின் பகுதிகளைப் போலவே, சட்டத்தில் உடைகலப் பொருள் எனப்படும். கைவிடப்பட்ட மீன்பிடிப் படகுகளும் வலைகளும் இதில் அடங்கும். எனினும் ஆளில்லாத படகு உரிமையாளர் இல்லாத படகு அன்று. கண்டெடுத்தவருக்கே பொருள் சொந்தம் என்னும் பரவலான கருத்து தவறானதாகும்.

அறிவிக்கும் முறை

ஆளின்றி மிதக்கும் படகைக் காண்பவர் 999 என்ற தொலைபேசி எண்ணிலோ, கடல் வானொலியின் 16 ஆம் அலைவரிசையிலோ கடலோரக் காவற்படைக்கு உடனே தெரிவிக்க வேண்டும். அதிலிருந்தவர் நீரில் வீழ்ந்திருக்கக்கூடும் என்பதே இதற்குக் காரணம். படகின் பெயர், பதிவு எண், கண்ட இடம் ஆகியவை தேடுதலுக்கு உதவுகின்றன.

படகைத் தம் வசம் எடுத்தவர் 28 நாட்களுக்குள் உடைகலப் பெறுநருக்கு அறிவிக்க வேண்டும். உரிமையாளர் ஓராண்டுக்குள் உரிமை கோரலாம். மீட்டவர் மீட்புக் கூலி பெறத் தகுதியுடையவர். எவரும் உரிமை கோராத பொருள் பொதுவாக முடியரசைச் சேரும். அறிவிக்கத் தவறுபவர் மீட்புக் கூலியை இழப்பதுடன், தண்டப் பணத்துக்கும், பொருளின் மதிப்பைப் போல் இரு மடங்கை உரிமையாளருக்குச் செலுத்தவும் ஆளாவார்.

இச்சட்டப் பகுதி கடலுக்கும், கடல் ஏற்றவற்றம் உள்ள நீர்நிலைகளுக்கும் பொருந்தும். துறைமுகத்தில் கைவிடப்பட்ட படகுகளைத் துறைமுக அதிகார அமைப்புக்கும், இங்கிலாந்து, வேல்சு ஆகியவற்றின் பெரும்பாலான கால்வாய்களில் உள்ளவற்றைக் கால்வாய் மற்றும் ஆற்று அறக்கட்டளைக்கும் தெரிவிக்க வேண்டும்.

எம்எஸ்சி நப்போலி

2007 சனவரி 18 அன்று எம்எஸ்சி நப்போலி என்னும் சரக்குக் கப்பல் ஆங்கிலக் கால்வாயில் புயலால் சேதமுற்றது. அதிலிருந்த 26 பேரும் கப்பலைக் கைவிட்டு, உலங்கு வானூர்திகளால் மீட்கப்பட்டனர். பின்னர் கப்பல் டெவன் மாவட்டத்தின் பிரான்சுகோம் கடற்கரை அருகே தரைதட்ட வைக்கப்பட்டது. கரையொதுங்கிய கொள்கலன்களிலிருந்து மோட்டார் சைக்கிள்கள், மதுப் பீப்பாய்கள் முதலியவற்றைப் பலர் எடுத்துச் சென்றனர். வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்தோரின் வீட்டுப் பொருட்களும் அவற்றுள் இருந்தன. எடுத்தவற்றை 28 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்ற விதியைப் பலர் அறிந்துகொண்டது இந்நிகழ்வின்போதே ஆகும்.