துணைக்கோள இணையம் ஏன் தவழ்கிறது?

"யூனிவர்சிட்டியில படிக்கிற பிள்ளைதானே, இது என்னான்னு கொஞ்சம் பாருப்பா." விடுமுறைக்கு வீடு திரும்பும் நம்மில் பலர் கேட்டுப் பழகிய வாசகம் இது. தொலைக்காட்சியோ கைப்பேசியோ கணினியோ, எது மக்கர் செய்தாலும் நம் தலையில்தான் வந்து விழும். 2022ஆம் ஆண்டு பருவ விடுமுறையில் என் தலையில் விழுந்தது எங்கள் வீட்டுத் துணைக்கோள இணையம். அதைச் சரிசெய்யப் போய் நான் கற்றுக்கொண்டதையும், அதற்கு முன் நான் சொன்ன தவறான யோசனையையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கள் வீடு பகாங் மாநிலத்தில், குவாலா லிப்பிசிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறது. கைப்பேசியில் பேச வேண்டுமென்றால் மேட்டுக் கோயில் வரை ஏறிப் போக வேண்டும். கம்பிவழி இணையம் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. தங்கையின் படிப்புக்காக அப்பா கூரையோரம் ஒரு டிஷ் பொருத்தித் துணைக்கோள இணையம் எடுத்திருந்தார். மாதம் 150 வெள்ளி.

தங்கை அப்போது படிவம் ஆறு மாணவி. ஓர் அறவாரியத்தின் கல்வி நிதிக்கு இணையத்தில் விண்ணப்பித்துக் கொண்டிருந்தாள். படிவம் ஏழு பக்கம். ஒவ்வொரு பக்கமும் திறக்க அரை நிமிடம் ஆகும். ஐந்தாம் பக்கம் வருவதற்குள் "நேரம் முடிந்தது, மீண்டும் முதலிலிருந்து தொடங்கவும்" என்று வந்துவிடும். நான் வீட்டுக்குப் போன அன்று அவள் மூன்று இரவுகள் முயன்று தோற்றிருந்தாள். கடைசி நாளுக்கு இன்னும் ஐந்தே நாள்.

நான் வரவேற்பறையில் உட்கார்ந்து என் கைப்பேசியில் வேகத்தைச் சோதித்தேன். விநாடிக்கு 18 மெகாபிட் என்று காட்டியது. பெரிதாக யோசிக்காமல், "பேக்கேஜ் பத்தலப்பா, பெரிசா மாத்தணும்" என்றேன். மாதம் இன்னும் 60 வெள்ளி கூடும். அப்பா ஒன்றும் பேசாமல் தம் 555 புத்தகத்தை எடுத்து, சம்பளத்துக்குப் பிறகு செய்ய வேண்டிய செலவுகளின் கீழே அதையும் எழுதிக்கொண்டார். அந்த வரியைப் பார்த்த பிறகுதான், சரியாகத்தான் சொன்னோமா என்ற சந்தேகம் எனக்கு வந்தது.

வேகம் வேறு, தாமதம் வேறு

எங்கள் டிஷ் பேசிய துணைக்கோளம் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பது. அந்த உயரத்தில் சுற்றும் கோளம் பூமியோடு சேர்ந்தே சுழல்வதால், வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும். அதனால்தான் டிஷ்ஷை ஒருமுறை திருப்பி வைத்தால் போதும்.

ஆனால் தூரத்தைக் கவனியுங்கள். வானொலி அலை ஒளியின் வேகத்தில், அதாவது விநாடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. அந்த வேகத்திலும் மேலே போக 0.12 விநாடி, கீழே வர 0.12 விநாடி. நம் கேள்வி ஒருமுறை ஏறி இறங்க வேண்டும். பதிலும் ஒருமுறை ஏறி இறங்க வேண்டும். மொத்தம் 0.48 விநாடி. இடையில் உள்ள கருவிகள் எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்தால் 0.6 விநாடியைத் தாண்டும். எவ்வளவு பணம் கட்டினாலும் ஒளியின் வேகம் கூடாது.

அப்பாவுக்கு இப்படி விளக்கினேன். டவுனுக்குச் சாமான் வாங்க லோரி போகிறது. ஒரு நடையில் எவ்வளவு ஏற்றலாம் என்பதுதான் மெகாபிட். டவுனுக்குப் போய்வர எவ்வளவு நேரம் என்பது தாமதம். உப்புக்கு ஒரு நடை, மிளகாய்க்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடை என்று போய்வந்தால் பொழுது போய்விடும்.

"அப்ப லோரிய பெரிசா வாங்கி என்னா புண்ணியம்?" என்றார் அப்பா. நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

ஒரு பக்கத்துக்கு எத்தனை நடை?

ஓர் அகப்பக்கத்தின் முகவரியைத் தட்டியதும் என்ன நடக்கிறது? அந்தப் பெயருக்குரிய எண் முகவரியைக் கேட்டறிய ஒரு நடை. வழங்கிக் கணினியோடு இணைப்பை ஏற்படுத்த ஒரு நடை. பாதுகாப்புச் சாவிகளைப் பரிமாறிக்கொள்ள ஒரு நடை. பழைய முறையென்றால் இரண்டு. பிறகுதான் "பக்கத்தைக் கொடு" என்று கேட்கும் நடை. ஆக முதல் எழுத்து திரைக்கு வருவதற்குள் நான்கைந்து நடை. ஒரு நடைக்கு 0.6 விநாடி என்றால், இதற்கே ஏறத்தாழ 3 விநாடி. பக்கத்தில் உள்ள எழுத்துருவும் படமும் விளம்பரமும் வெவ்வேறு வழங்கிகளிலிருந்து வந்தால், ஒவ்வொன்றுக்கும் இதே சடங்கு மீண்டும் நடக்கும்.

இன்னொன்றும் உண்டு. வழங்கி எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் அனுப்பாது. முதலில் பத்துப் பொட்டலம் அனுப்பிவிட்டு, "கிடைத்தது" என்ற பதில் வந்ததும் இருபது, பிறகு நாற்பது என்று கூட்டிக்கொண்டே போகும். 100 கிலோபைட் அளவுள்ள ஒரு கோப்பை 18 மெகாபிட் இணைப்பு 0.05 விநாடிக்குள் சுமந்துவிடும். ஆனால் இந்த முறையில் அது வந்து சேர மூன்று நடை, அதாவது ஏறத்தாழ 1.8 விநாடி ஆகும்.

துணைக்கோள இணைய மோடம்கள் பலவற்றில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. டவுன் கடைக்காரரின் கையொப்பம் வரட்டும் என்று காத்திராமல், தோட்டத்துக் கிராணியே "சரி, அடுத்ததை ஏற்று" என்று கையொப்பமிடுவது போன்றது அது. மோடமும் மறுமுனையில் உள்ள தரை நிலையமும் "கிடைத்தது" என்ற பதிலை உடனுக்குடன் தாமே கொடுத்து அனுப்புநரை முடுக்கிவிடும். எங்கள் மோடத்திலும் இந்த வசதி இருந்தது. அப்படியிருந்தும் பக்கம் ஏன் தவழ்ந்தது?

அளந்து பார்த்தேன்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள் பெரியவர்கள். நான் அளக்காமலே அப்பாவின் பணத்தைப் போடப் பார்த்தேன். மறுநாள் காலை, தங்கை வழக்கமாக உட்காரும் பின்னறையில், அவளுடைய மடிக்கணினியிலேயே சோதனையைத் தொடங்கினேன். விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் "பிங்" என்று தட்டி, பக்கத்தில் ஒரு முகவரியைக் கொடுத்தால், போய்வரும் நேரத்தை மில்லிவிநாடியில் காட்டும்.

முதலில் வீட்டு ரூட்டருக்கு. சுவர் தாண்டி இருக்கும் கருவிக்கு 2, 3 மில்லிவிநாடிதான் ஆக வேண்டும். எனக்கு வந்தது 80, 310, 45. பத்தில் இரண்டுக்குப் பதிலே இல்லை. துணைக்கோளத்துக்குப் போகும் முன்பே, வீட்டுக்குள்ளேயே வழி குண்டும் குழியுமாக இருந்தது. ரூட்டர் வரவேற்பறையில் தொலைக்காட்சிக்குப் பின்னால் இருந்தது. இடையில் இரண்டு கல்சுவரும் ஓர் இரும்பு அலமாரியும்.

அடுத்து வெளி வழங்கி ஒன்றுக்கு. 640 மில்லிவிநாடி. துணைக்கோளத்துக்கு இது இயல்பான எண். ஆனால் சில நேரம் 2,300 வரை ஏறியது. தேடிப் பார்த்ததில், அம்மாவின் கைப்பேசி பழைய படங்களையெல்லாம் இணையச் சேமிப்புக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. ஏற்றும் வழி குறுகலானது. அதில் படங்கள் வரிசை கட்டி நின்றால் தங்கையின் சின்னக் கேள்வியும் அவற்றின் பின்னால்தான் நிற்க வேண்டும்.

மூன்றாவது காரணம் பிங் எண்ணில் தெரியவில்லை. திரையின் மூலையில் ஒரு சின்னப் பூட்டுப் படம் இருந்தது. அந்த மடிக்கணினி நான் பயன்படுத்திவிட்டுத் தங்கைக்குக் கொடுத்தது. நூலகத் தரவுத்தளங்களுக்காக நான் நிறுவிய வி.பி.என். இன்னும் அதில் இருந்தது. கணினியைத் திறந்தாலே தானாக ஓடத் தொடங்கும். வி.பி.என். பொட்டலங்களை முத்திரையிட்டு அனுப்புகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாததால் கிராணியால் கையொப்பமிட முடியாது. மோடத்தின் முடுக்கும் வசதி பயனற்றுப் போகும். வீட்டுக்குள் தொலைந்த ஒவ்வொரு பொட்டலத்துக்கும் துணைக்கோளம் வரை போய்வர வேண்டியதாயிற்று. முந்தைய நாள் என் கைப்பேசியில் 18 மெகாபிட் காட்டியதன் இரகசியமும் புரிந்தது. நான் ரூட்டருக்கு அருகில் இருந்தேன். என் கைப்பேசியில் வி.பி.என். இல்லை.

தங்கை மூன்று இரவுகள் கண்விழித்ததில் பாதிப் பழி என்னுடையது. அவளிடம் சொன்னேன். "போண்ணே!" என்று தலையணையை எறிந்தாள்.

செய்த மாற்றங்கள்

1. ரூட்டரிலிருந்து பின்னறைக்கு 15 மீட்டர் கம்பி இழுத்தேன். பிங் 2 மில்லிவிநாடிக்கு இறங்கியது.

2. வி.பி.என். தானாகத் தொடங்குவதை நிறுத்தினேன். தேவைப்படும்போது மட்டும் திறந்துகொள்ளலாம்.

3. கைப்பேசிகளில் படங்கள் தானாக ஏறுவதை நிறுத்தினேன். விண்டோஸில் அந்த இணைப்பை "அளவிடப்பட்ட இணைப்பு" என்று குறித்தேன். அதன்பின் பெரும்பாலான புதுப்பிப்புகள் தாமாக இறங்குவதில்லை. மாத ஒதுக்கீடும் மிஞ்சும்.

4. உலாவியில் விளம்பரத் தடுப்பைச் சேர்த்தேன். காணொளி தானாக ஓடுவதை நிறுத்தினேன். தற்காலிகக் கோப்புகளை அடிக்கடி அழிக்கும் பழக்கம் தங்கைக்கு இருந்தது. "வேண்டாம்" என்றேன். ஏற்கெனவே வந்த படம் கணினியிலேயே இருந்தால் ஒரு நடை மிச்சம்.

5. அடையாள அட்டை, சம்பளச் சீட்டு ஆகியவற்றின் படங்கள் ஒவ்வொன்றும் 4 மெகாபைட் இருந்தன. எழுத்து தெளிவாகத் தெரியும் அளவில் 300 கிலோபைட்டாகச் சுருக்கினேன்.

6. விடியற்காலையைத் தேர்ந்தெடுத்தோம். துணைக்கோள இணையத்துக்குப் பயன்படும் கேயூ, கேஏ அலைப்பட்டைகளை மழைத்துளிகள் உறிஞ்சிச் சிதறடிக்கும். எங்கள் பகுதியில் இடிமழை பெரும்பாலும் மாலையில்தான். ஒரே கற்றையைப் பங்கிட்டுக்கொள்ளும் மற்றவர்களும் விடியலில் உறங்கிக்கொண்டிருப்பார்கள்.

அரை நிமிடம் எடுத்த பக்கம் ஏழெட்டு விநாடியில் திறந்தது. மின்னல் வேகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நேரம் முடிவதற்குள் ஏழு பக்கத்தையும் கடக்கப் போதுமானதாக இருந்தது. கடைசி நாளுக்கு முதல் நாள், காலை 5.40க்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அப்பா 555 புத்தகத்தில் அந்த 60 வெள்ளி வரியைக் குறுக்கே கோடிட்டு அடித்தார். இரண்டு மாதம் கழித்துத் தங்கைக்கு நேர்முகத் தேர்வு அழைப்பு வந்தது.

நாம் செய்யக்கூடியது

2023 ஜூலையில் ஸ்டார்லிங்க் சேவை மலேசியாவில் தொடங்கியது. அதன் கோளங்கள் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகின்றன. ஆகவே தாமதம் பன்மடங்கு குறைவு. இருந்தாலும் உயரக் கோளங்களை நம்பியிருக்கும் பள்ளிகளும் வீடுகளும் இன்னும் உள்ளன. அங்கெல்லாம் பேக்கேஜை மாற்றும் முன் மூன்றைச் சோதியுங்கள்: ரூட்டர் வரை பிங் எவ்வளவு, வெளியே எவ்வளவு, பின்னணியில் என்ன ஓடுகிறது. பத்து நிமிட வேலை.

நம் கழகத்தில் அகப்பக்கம் வடிவமைப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அழகுக்காக ஐந்து இடங்களிலிருந்து எழுத்துருவும் படமும் இழுக்கிறோம். வளாகத்தில் அது கண்ணிமைக்கும் நேரத்தில் திறக்கும். ஆனால் நம் கட்டுரைப் போட்டி அறிவிப்புக்காகக் காத்திருக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு, அவற்றில் பல 35,786 கிலோமீட்டர் ஏறி இறங்கி வருகின்றன. அடுத்த முறை பக்கத்தை வெளியிடும் முன் எத்தனை நடை என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.