நூறில் ஒரு நொடி

வங்கியில் பணிபுரிவோருக்கு ஆண்டு என்பது ஏப்ரல் 1ஆம் நாள் பிறந்து மார்ச் 31ஆம் நாள் நிறைவது. கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கோ அது ஜூன் மாதத் தொடக்கத்தில், தென்மேற்குப் பருவமழையோடு பிறக்கிறது. பாலக்காடு மாவட்டத்தின் கிராமக் கிளை ஒன்றில் நான் பணியாற்றிய காலத்தில், அடுத்த தெருவிலிருந்த உயர்நிலைப் பள்ளியின் தடகளப் பயிற்சியை 2024-25ஆம் கல்வியாண்டு முழுவதும் அருகிலிருந்து காணும் வாய்ப்புக் கிட்டியது. நாற்பதைக் கடந்தவனுக்கு மருத்துவர் எழுதித் தந்த காலை நடைப்பயிற்சியே என்னை அந்த மைதானத்துக்கு இட்டுச் சென்றது.

விளையாட்டில் நான் தேர்ந்தவன் அல்லன், வணிகவியல் பயின்றவன். ஆகவே அந்த ஓராண்டையும் ஒரு கணக்கேடாகவே என்னால் பார்க்க இயன்றது. அதன் வரவையும் செலவையும் வாடிக்கையாளர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மழையில் தொடங்கும் ஆண்டு

பன்னாட்டு விதிப்படி ஓடுகளத்தின் ஒரு சுற்று 400 மீட்டர். அந்தப் பள்ளி மைதானத்திலோ 200 மீட்டருக்கு மேல் இடமில்லை. 800 மீட்டர் ஓடும் பிள்ளை அங்கே நான்கு முறை சுற்ற வேண்டும். சுண்ணாம்புப் பொடியால் காலையில் இடும் கோடுகளை நண்பகல் மழை கழுவிவிடும். மறுநாள் மீண்டும் இட வேண்டும். மழை வலுத்த நாள்களில் பள்ளியின் மாடிப்படிகளே ஓடுகளமாகும். விடியற்காலை ஐந்தரை மணிக்கெல்லாம் முப்பது பிள்ளைகளுக்குக் குறையாமல் வந்து நிற்பர்.

அவர்களைப் பயிற்றியவர் அப்பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை. அவர் கையில் எப்போதும் நீல அட்டையிட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு வரி. யார் முதலாவது, யார் இரண்டாவது என்ற குறிப்பு அதில் எங்கும் இல்லை. அந்தப் பிள்ளை சென்ற வாரம் எடுத்த நேரம், இந்த வாரம் எடுத்த நேரம், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஆகியவை மட்டுமே இருந்தன.

காரணம் கேட்டபோது அவர் சொன்னார்: "பக்கத்தில் ஓடுகிறவளின் கால் இவள் கையில் இல்லை சார். இவளுக்குச் சொந்தமானது இவளுடைய நேற்றைய ஓட்டம்தான்."

தொடக்க இருப்பு, இறுதி இருப்பு, இடைப்பட்ட மாற்றம் என்று நாள்தோறும் எழுதிப் பழகிய எனக்கு, அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அந்த நோட்டுப் புத்தகத்தில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பக்கத்தில், ஜூன் மாத முதல் வரியாக 800 மீட்டருக்கு 2 நிமிடம் 43 நொடி என்று எழுதப்பட்டிருந்தது. அவளுடைய தாயை அப்போது எனக்குத் தெரியாது.

அடகுக்கு வந்த காதணி

ஆகஸ்டு மாதத்தின் ஒரு பிற்பகலில், அரைப் பவுன் எடையுள்ள ஒரு ஜோடிக் காதணியைத் துணியில் முடிந்துகொண்டு ஒரு தாய் நகைக்கடன் பிரிவுக்கு வந்தார். விண்ணப்பத்தில் கடனின் நோக்கத்தை எழுத வேண்டிய இடத்தில் அவருடைய கை நின்றது.

"எதற்காகச் சேச்சி இந்தப் பணம்?" என்று கேட்டேன்.

"மகள் ஓடுகிறாள் சார். ஆணி வைத்த ஷூ வேண்டுமாம். சாப்பாட்டுக்கும் கொஞ்சம் வேண்டும்" என்றார்.

அவர் ஊரக வேலை உறுதித் திட்டத்தில் பணி செய்பவர். கேரளத்தில் அந்த நிதியாண்டில் அத்திட்டத்தின் நாட்கூலி 346 ரூபாய். ஸ்பைக்ஸ் எனப்படும் ஆணிக் காலணிக்கு விசாரித்து வந்த விலை 2,500 ரூபாய். அதாவது ஏழு நாள் உழைப்பும் அதற்கு மேலும். பகட்டுக்காகக் கேட்கும் பொருளன்று அது. மண்ணிலும் செயற்கைத் தளத்திலும் வழுக்காமல் கால் ஊன்ற அதுவே துணை.

உணவுச் செலவுக்கும் ஒரு காரணம் இருந்தது. பள்ளிகளில் நண்பகல் உணவுத் திட்டம் எட்டாம் வகுப்பு வரைதான். எலும்பும் தசையும் விரைந்து வளரும் ஒன்பது, பத்தாம் வகுப்புகளில், கடும் பயிற்சி செய்யும் பிள்ளைக்கு அந்த ஒரு வேளை உணவு நின்றுபோகிறது. காலைப் பயிற்சிக்குப் பின் பாலும் முட்டையும் நேந்திரம் பழமும் தருவதற்கு ஆசிரியை முன்னாள் மாணவர்களிடம் கையேந்திக்கொண்டிருந்தார். அதன்பின் எங்கள் கிளை ஊழியர்களும் மாதந்தோறும் சிறு தொகையொன்றைச் சேர்த்துக் கொடுத்தோம்.

அந்தத் தாய்க்கு மேலும் பெரிய தொகையைக் கடனாகத் தர விதி இடம் கொடுத்தது. அவரோ ஆறாயிரம் ரூபாய் போதும் என்றார். தேவைக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்காத அந்த அளவறிதல், கடன் வாங்கும் எவரும் கற்றுக்கொள்ளத்தக்கது.

ஏறாத கணக்கு

புதுக் காலணி வந்தும் செப்டம்பரில் அவளுடைய நேரம் குறையவில்லை. ஆகஸ்டில் 2 நிமிடம் 36 நொடியில் ஓடியவள், ஓணம் விடுமுறைக்குப் பின் 2 நிமிடம் 39 நொடி எடுத்தாள். சோம்பல் என்று சிலர் சொன்னார்கள்; பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு என்று உறவினர் சிலர் கேட்டார்கள். ஓட்டத்தை நிறுத்திவிடலாமா என்று தாயும் எண்ணத் தொடங்கினார்.

ஆசிரியை மட்டும் நோட்டுப் புத்தகத்தை நம்பினார். நன்றாக இறங்கிவந்த கணக்கு திடீரென ஏறினால் அதற்குப் பின்னே ஒரு காரணம் இருந்தாக வேண்டும் என்று அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவாக இருந்தது. நுரையீரலிலிருந்து தசைக்கு ஆக்சிஜனைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். அது குறைந்தால் 800 மீட்டரின் கடைசிச் சுற்றில் கால் கனத்துப்போகும். மனவுறுதி எவ்வளவு இருந்தும் பயன் இராது. வளரிளம் பெண்களிடம் மிகப் பரவலாகக் காணப்படும் குறை இது. இதற்காகவே பள்ளிகளில் வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரை வழங்கப்படுகிறது. வயிற்றைப் புரட்டுகிறது என்று அவள் அதை விழுங்காமல் விட்டிருந்தாள்.

மருத்துவர் சொற்படி மாத்திரையும் முருங்கைக்கீரையும் தொடர்ந்தன. அக்டோபரில் நேரம் 2 நிமிடம் 30 நொடிக்கு இறங்கியது.

அதே செப்டம்பரில் நீளம் தாண்டும் மாணவன் ஒருவனுக்கு முழங்கால் பிசகியது. அவனுடைய ஆண்டு அத்தோடு முடிந்தது. சிகிச்சைச் செலவை அந்தக் குடும்பம் கைமாற்று வாங்கித்தான் சமாளித்தது. ஆண்டுக்கு 20 ரூபாய்ப் பிரீமியத்தில் கிடைக்கும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டம் 18 வயது முதல் 70 வயது வரை உள்ளோருக்கே உரியது; பள்ளிப் பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. மாணவர்களுக்கான குழு விபத்துக் காப்பீட்டைப் பள்ளியே மொத்தமாக எடுக்க வழியுண்டு. பெற்றோர் கூட்டங்களில் இதனை யாரேனும் ஒருவர் எழுப்பினால் நன்று.

கொச்சியில் ஒரு நாள்

14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்ற பிரிவுகளில் பள்ளித் தடகளம் நடக்கிறது. பள்ளியில் வென்றவர்கள் உபஜில்லாவுக்கும், பின் வருவாய் மாவட்டத்துக்கும், அதன்பின் மாநிலத்துக்கும் செல்கிறார்கள். அதற்கும் மேலே, 1954இல் தோன்றிய இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் தேசியப் போட்டிகள் உள்ளன. ஒவ்வொரு படியிலும் பலர் நின்றுவிட, சிலரே மேலேறுகின்றனர்.

இந்தப் படிகளில் ஏறிய புகழ்பெற்றோர் கேரளத்தில் பலர். கண்ணூரில் 1976இல் தொடங்கப்பட்ட விளையாட்டுப் பிரிவில் பயின்ற பி.டி. உஷா, 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வெண்கலத்தை இழந்தது நூறில் ஒரு நொடியால். ஒரு ரூபாயில் ஒரு பைசா எவ்வளவோ, ஒரு நொடியில் அது அவ்வளவு. பாலக்காட்டின் முண்டூரில், கூலித் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த பி.யு. சித்ரா, ஆசியத் தடகளப் போட்டிகளின் 1500 மீட்டர் ஓட்டத்தில் 2017இல் புவனேஸ்வரிலும் 2019இல் தோஹாவிலும் தங்கம் வென்றார்.

2024 நவம்பரில் மாநிலப் பள்ளி விளையாட்டு விழா கொச்சியில் நடந்தது. எல்லா விளையாட்டுகளையும் ஒருங்கிணைத்து, மாற்றுத்திறன் மாணவர்களையும் சேர்த்து நடத்தப்பட்ட முதல் விழா அது. தடகளத்தில் மலப்புறம் மாவட்டம் முதன்முறையாகப் பட்டம் வென்றது. பாலக்காடு இரண்டாமிடம் பெற்றது.

எங்கள் ஊர்ப் பிள்ளை அங்கே செயற்கைத் தளத்தில் ஓடினாள். முதல் மூவரில் அவள் இல்லை. பதக்கமில்லாமல் திரும்பியவளைக் காண மறுநாள் காலை மைதானத்துக்குச் சென்றேன். படிக்கட்டில் தனியே அமர்ந்திருந்தாள். ஆறுதல் சொல்ல எனக்குச் சொற்கள் வரவில்லை. ஆசிரியை அருகே வந்து, ஒன்றும் பேசாமல் நோட்டுப் புத்தகத்தை அவள் மடியில் விரித்து வைத்தார். ஜூனில் 2 நிமிடம் 43 நொடி. நவம்பரில் 2 நிமிடம் 26 நொடி. பதினேழு நொடிகள்! வெகுநேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள், எழுந்து போய்க் காலணியை அணிந்துகொண்டாள்.

ஆண்டு இறுதிக் கணக்கு

மார்ச் மாதம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. ஜனவரி முதல் அவளுக்குப் பயிற்சி காலையில் அரை மணி நேரமாகக் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. தாயும் வாரக் கூலி கிடைக்கும்போதெல்லாம் இருநூறோ முந்நூறோ கடனில் செலுத்திவந்தார். நகைக்கடனில் சிறுகச் சிறுகக் கட்டலாம் என்பதும், அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை; முதிர்வு நாள்வரை காத்திருந்து திணறுகிறார்கள்.

மாநிலப் போட்டிக்குச் சென்று வந்த பிள்ளைகள் அனைவருக்கும், வென்றவர் தோற்றவர் என்று பாராமல், ஊராட்சி ஆயிரம் ரூபாய் வழங்கியது. அத்தொகையை வரவு வைக்க அவளுக்கு எங்கள் கிளையில் சேமிப்புக் கணக்கு தொடங்கினோம். பத்து வயது நிறைந்த சிறுவர் சிறுமியர், வங்கி வகுக்கும் வரம்புக்குள் தம் கணக்கைத் தாமே இயக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. பின்னாளில் உதவித்தொகை எது கிடைத்தாலும் நேரே வந்து சேர அந்தக் கணக்கே வாயில்.

ஏப்ரலில் ஒருநாள் தாயும் மகளும் சேர்ந்து வந்தனர். கடனில் எஞ்சியிருந்தது எண்ணூற்றுச் சொச்சம் ரூபாய். பணம் எடுக்கும் படிவத்தை மகளே நிரப்பி, தன் கணக்கிலிருந்து முதன்முறையாகக் கையொப்பமிட்டு எடுத்து, கடனைக் கட்டினாள். காதணியைத் திரும்பப் பெற்ற தாய் அங்கேயே அணிந்துகொண்டு, கண்ணாடித் தடுப்பில் முகம் பார்த்துக்கொண்டார்.

"அடுத்த வருடமும் ஓடுவாயா?" என்று அவளைக் கேட்டேன்.

"மேல்நிலைப் பள்ளியில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு எழுதிப் போடுகிறேன் சார். இன்னும் எட்டு நொடி குறைக்க வேண்டும்" என்றாள்.

அன்பார்ந்த வாடிக்கையாளர்களே, தங்கள் இல்லத்திலோ தெருவிலோ ஓடும் பிள்ளை ஒன்று இருக்கக்கூடும். என்ன பரிசு வாங்கினாய் என்று கேட்பதற்கு முன், சென்ற மாதத்தைவிட எவ்வளவு முன்னேறினாய் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். எல்லாப் பிள்ளைகளிடமும் அதற்கு ஒரு விடை இருக்கும்.